விலாசத்துக்கு முன்னே சென்ற பெட்டிகள்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நம் நினைவுக்கு முதலில் வந்தது வீட்டு மூலையில் கிடக்கும் பழைய தகரப் பெட்டிதான். அதன் மூடியில் வெள்ளை வர்ணத்தால் எழுதிய எழுத்துக்கள் இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. நம் பெயர், காஞ்சிரங்குளம் என்னும் ஊர்ப்பெயர், பெட்டி சென்று சேரவேண்டிய ரயில் நிலையத்தின் பெயர், அவ்வளவே. தெருவும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. இருந்தால் அல்லவோ எழுதுவது? 1974-ஆம் ஆண்டில் அப்பெட்டி ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில், இந்நகரில் நமக்கு வீடே கிடையாது.

இக்காலனியில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது சொந்தக் கதையாகவே இருக்கும். வேலை உத்தரவு முந்திக்கொள்ளும். வீடு பிந்தித்தான் வாய்க்கும். ஆனால் காலி செய்யவேண்டிய ஊர்வீட்டிலே பாத்திர பண்டங்களை விட்டுவைக்க முடியுமா? ஆகவே பெட்டிகள் முன்னே சென்றன. விலாசம் பின்னே வந்தது.

உண்மையில், கதவிலக்கம் என்பது நம்மவர்க்கு அயலிடத்தில் அறிமுகமான சரக்கே. நெய்யாற்றின்கரைக்குத் தென்மேற்கே அமைந்த காஞ்சிரங்குளத்திலும், பாறசாலையை அடுத்த சிற்றூர்களிலும், ஒரு மனிதனுக்கு விலாசமாவது அவனது வீட்டுப் பெயர்தான். விளை என்றும், விளாகம் என்றும், புத்தன்வீடு என்றும் முடியும் பெயர்களைச் சொன்னால் போதும். அஞ்சற்காரர் நேரே வந்து நிற்பார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் இலாகா, 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் இந்தியத் தபால் இலாகாவோடு இணைக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரு பெட்டியும் நகராமலே மாநிலத்தின் பெயர் மட்டும் விலாசத்தில் மாறியது. அந்நாளில் எல்லையின் இருபுறத்திலும் எழுந்த மனவருத்தங்களை இங்கே விரித்தல் வேண்டா. அவற்றை அறியாத வீடு நம்மில் இல்லை.

ஊரைவிட்டுச் சாமான் அனுப்புவதோ எளிதான காரியமன்று. பூவாறிலிருந்து தெற்கே 1860-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் கருதியபடி முழுமை பெறவில்லை. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் ரயிலைக் கண்டது 1979-இல், திருவனந்தபுரம் - கன்னியாகுமரிப் பாதை திறந்தபோதுதான். அதுவரை திருவனந்தபுரம் வரையில் சாலை வழியே கொண்டு சேர்க்கவேண்டும். அங்கிருந்து எர்ணாகுளம் வரை மீட்டர்கேஜ் வண்டி. அங்கே இறக்கி அகலப்பாதை வண்டிக்கு மாற்றியாக வேண்டும். அகலப்பாதை திருவனந்தபுரம் வந்தது 1976-இல்.

விலாசமில்லாத சாமானை ரயில்வே எப்படி ஏற்றுக்கொண்டது என்று இளைஞர்கள் கேட்கலாம். வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறைதான் அது. பெறுபவர் பெயர் இருக்குமிடத்தில் 'செல்ஃப்' என்று எழுதி, சேரும் நிலையத்தை மட்டும் குறித்துவிட்டால், ஆர்.ஆர். என்னும் ரயில்வே ரசீது கையில் கிடைக்கும். சாமான் இரும்புப் பாதையில் செல்ல, அதன் உரிமை சட்டைப் பையில் செல்லும். ரசீதைக் காட்டினால் சாமான். பின்புறம் கையொப்பமிட்டு மற்றொருவருக்குக் கொடுத்தால் அவருக்கே சாமான். ரசீது தொலைந்தாலோ, முத்திரைத்தாளில் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும். குறித்த நாளுக்குள் எடுக்காவிடில் டெமரேஜ் என்று மக்கள் வழங்கும் தங்கல் கட்டணம் நாள்தோறும் ஏறும். வீடு கிடைக்கத் தாமதித்ததால் நாம் கட்டிய தொகையை எண்ணினால், அந்த மர அலமாரியை ஊரிலேயே விற்றிருக்கலாம் என்று இல்லத்தரசியார் இன்றும் சொல்வார்கள். முடிவில் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் தம் வராந்தாவில் இடம் தந்தார்.

நமக்காவது ரசீது இருந்தது. நமக்கு முன்னே கடல் கடந்தவர்களின் வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்தும் தென்திருவிதாங்கூரிலிருந்தும் மக்கள் இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும், காபி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'தகரச் சீட்டு' முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளி கழுத்தில் அணிந்துகொள்வான். அதைப் பார்த்தே அவனைத் தோட்டத்தில் கொண்டுசேர்ப்பர். பெட்டிக்கு எழுதவேண்டிய விலாசத்தை மனிதன் கழுத்தில் கட்டிய காலம் அது. படிக்கும்போதே நெஞ்சு சுடுகிறது.

அவர்தம் வழியினர் திரும்பிவந்த காலத்தும் விலாசம் முன்னே அமையவில்லை. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், அதனைப் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற்றுவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. கொண்டுவரத்தக்க சொத்துக்கு விதிக்கும் உச்ச வரம்பை, குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் உடன்பாடு கண்டது. எண்கள் தெளிவாகவே இருந்தன. எந்த ஊர், எந்த வீடு என்பதுதான் எவருக்கும் தெளிவில்லை.

பாட்டன் விட்டுவந்த ஊரின் பெயரைச் செவிவழியாகக் கேட்டிருந்த பேரர்கள், மலைநாட்டு லயத்திலே தகரப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் கட்டினார்கள். பெட்டியிலே என்ன எழுதுவது? குடும்ப அட்டை கையில் இருந்தது. தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டபடியால் கப்பல் இராமேசுவரத்தோடு நின்றது; 1984-இல் அதுவும் நின்றுபோயிற்று. இறங்கியோரை ஏற்ற இடம் மண்டபம் முகாம். முன்பு இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த அதே முகாம்! போனபோதும் வந்தபோதும் அவர்களுக்கு வாய்த்த விலாசம் அந்த ஒன்றுதான். அங்கிருந்து சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் சிறு கடை வைக்கும் கடனோடு முன்பின் அறியாத ஊர்களுக்கும் சென்றனர். புனலூரில் இந்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-இல் நிறுவிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களிலும் பல குடும்பங்கள் குடியமர்ந்தன. தேயிலை கிள்ளிய கைகள் ரப்பர் மரம் சீவக் கற்றன. காஞ்சிரங்குளத்திலிருந்து அவ்விடம் வெகுதூரமன்று. ஆயினும் நம்மில் எத்தனை பேர் அவர்களைச் சென்று கண்டோம் என்று எண்ணும்போது நாணமே உண்டாகிறது.

இப்போது காஞ்சிரங்குளத்துக்கு அண்மையிலுள்ள விழிஞத்திலேயே பெருந்துறைமுகம் எழுந்து, 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் சரக்கிலும், பெறுபவர் இன்னாரென்று முன்கூட்டி முடிக்காமல் 'ஆணைப்படி' என்று மட்டும் குறித்துப் பத்திரம் எழுதும் வழக்கம் உண்டு. பத்திரம் யார் கையில் முறைப்படி சேர்கிறதோ அவருக்கே சரக்கு. பெட்டி பெரிதாகிவிட்டது, தந்திரம் பழையதே.

சென்ற மாதம் பாறசாலையிலிருந்து இளங்குடும்பம் ஒன்று இந்நகருக்கு மாற்றலாகி வந்தது. சாமான் புறப்படவேண்டும், வீடு இன்னும் அமையவில்லை, என்ன விலாசம் எழுதுவது என்று அத்தம்பி தொலைபேசியில் கேட்டார். நம் கதவிலக்கத்தைச் சொன்னோம். பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு தையல் இயந்திரமும் முந்தாநாள் வந்து சேர்ந்தன. இக்கட்டுரையை எழுதும்போது அவை நம் வராந்தாவில் இருக்கின்றன.