இரண்டாம் ராம்சேசின் உடலில் மிளகு: சான்றும் அதன் எல்லையும்

முன்னுரை

ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூருக்கு மேற்கே, போடிமெட்டைக் கடந்தால் விரியும் ஏலமலைத் தோட்டங்களில் நிழல்மரங்களைப் பற்றி மிளகுக்கொடிகளும் படர்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி மிளகின் தாயகம். எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசின் உடலில் மிளகு கிடைத்தமை, தமிழர் கடல்வணிகத்தின் தொன்மைக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அச்சான்று நிறுவுவது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதிய மன்னனின் உடல்

ராம்சேசு கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்டு, ஏறத்தாழத் தொண்ணூறு வயதில் இறந்தான். மூத்த மைந்தர் பலர் அவனுக்கு முன்பே மறைந்தமையால், பதின்மூன்றாம் மகன் மெர்னெப்தா அரியணை ஏறினான். 1881இல் தெய்ர் எல் பகரி மறைவிடத்திலிருந்து மீட்கப்பட்ட அவனுடல், 1976இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு நிகழ்ந்த ஆய்வில் முதுமைக்குரிய மூட்டுநோயும் பற்சிதைவும் புலப்பட்டன. நாசியில் மிளகுமணிகளும் இருந்தன. துணிக்கட்டின் அழுத்தத்தால் மூக்கின் வடிவம் சிதையாதிருக்க அவை இடப்பட்டன என்பர்.

சான்றின் எல்லை

இங்கு மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, இடம். மிளகுக்கொடி இம்மலைத்தொடரில் பரவலாக வளர்வது. ஆகவே அம்மணிகளை ஏலமலைக்கு மட்டும் உரிமையாக்க இயலாது. இரண்டாவது, வழி. ஒரு பொருள் பல கைகள் மாறியும் நெடுந்தொலைவு செல்லும். அதன் இருப்பு நேரடிக் கடற்பயணத்தை மெய்ப்பிக்காது. மூன்றாவது, காலம். இருபத்தொன்றாம் அரசமரபுக் காலத்தில் பூசகர்கள் அவ்வுடலை இடம்மாற்றி மீண்டும் துணிசுற்றினர். எனவே மிளகு இடப்பட்ட காலத்தையும் ஆராய்தல் வேண்டும்.

நிலைபெற்ற வணிகத்திற்கான உறுதியான சான்றுகள் பிற்பட்டவை. செங்கடல் துறையான பெரெனிகேயில், இந்தியத் தாழியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அதன் காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டு. பொன்னொடு வந்த யவனக் கலங்கள் முசிறியிலிருந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சுட்டுகிறது. ராம்சேசுக்கும் பெரெனிகேத் தாழிக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியை ஒரே வணிகத்தொடராகக் கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

முடிவுரை

தென்னிந்திய விளைபொருளொன்று எகிப்தை மிகத் தொன்மையில் எட்டியது என்பதே இச்சான்றின் பயன், அதுவே பெரிது. தன் பெயர் அழியாதிருக்கக் கற்களில் ஆழமாகப் பொறிக்கச் செய்தவன் ராம்சேசு. அவன் நாசிக்குச் சென்ற மிளகைக் காட்டில் பறித்தவர்களின் பெயரோ எங்கும் இல்லை. துறைமுகங்களோடு நில்லாமல், மலைச்சரிவுகளின் தொல்லியலையும் தொல்தாவரவியலையும் ஆராய்ந்தாலன்றி அவர்களின் வரலாறு துலங்காது.