கியூகென்ஹோஃப் வசந்த மலர்க் கண்காட்சியின் தோற்றமும் நடவு முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நெதர்லாந்தின் லிஸ்ஸே என்னும் ஊரில் ஆண்டுதோறும் நடைபெறும் கியூகென்ஹோஃப் மலர்க் கண்காட்சி இயற்கையழகின் கொண்டாட்டமாகவே பெரிதும் அறியப்படுகிறது. அது கிழங்கு வணிகத்தின் தேவையிலிருந்து தோன்றிய அமைப்பு என்பதையும், அத்தேவையே அதன் திட்டமிடலையும் நடவையும் இன்றளவும் நெறிப்படுத்துகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கியூகென்ஹோஃப், துலிப், கிழங்கு வணிகம், பசிக் குளிர்காலம், நடவு முறை

முன்னுரை

துலிப் மலர்ச்செடி வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக அமைந்த நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைப்பது. கிழங்கு வளர்க்கும் உழவருக்கு அக்கிழங்கே விளைபொருள், மலர் அன்று. வயலில் துலிப் மலர்ந்ததும் இனத்தூய்மையும் நோயின்மையும் சரிபார்க்கப்படுகின்றன. பின்னர் மலர்த்தலைகள் கொய்து நீக்கப்படுகின்றன. விதை உருவாவதில் செலவாகக்கூடிய ஊட்டம் கிழங்கில் சேர்வதற்காகவே இவ்வாறு செய்யப்படுகிறது. வாங்குபவர் நாடுவதோ மலரை. விற்பவரிடம் இருப்பதோ பழுப்புத் தோல் போர்த்த கிழங்கு. இந்த இடைவெளியிலிருந்தே கியூகென்ஹோஃபின் வரலாற்றை அணுக வேண்டியுள்ளது.

நிலமும் மரபும்

தாவரவியலறிஞர் கரோலஸ் குளூசியஸ் 1593இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்ட துலிப் கிழங்குகள் அடுத்த ஆண்டு வசந்தத்தில் மலர்ந்தன. அடுத்த நாற்பது ஆண்டுகளில் துலிப் கிழங்கு ஊக வணிகப் பொருளாயிற்று. 1637 பிப்ரவரியில் அதன் விலை சரிந்தது. எனினும் கிழங்கு வேளாண்மை மறையவில்லை. லைடனுக்கும் ஹார்லெமுக்கும் இடையே கடலோர மணற்குன்றுகளை அடுத்துள்ள நிலம் அதற்கு ஏற்றதாக இருந்தது. நீர் தேங்காத மணலும், கால்வாய்களால் சீராக வைக்கப்படும் நிலத்தடி நீர்மட்டமும் கிழங்கை அழுகாமல் காத்தன.

லிஸ்ஸே இப்பகுதியில் அமைந்த ஊர். 15ஆம் நூற்றாண்டில் இளவரசி யாக்கோபாவின் டெய்லிங்கன் கோட்டைச் சமையலுக்கு வேண்டிய மூலிகைகளும் காய்களும் இங்கிருந்து பெறப்பட்டன. கியூகென்ஹோஃப் என்னும் பெயரின் முற்பகுதி சமையலறையைக் குறிப்பது இதனாலேயே. 1641இல் இங்கு ஒரு மாளிகை எழுந்தது. 1857இல் தந்தையும் மகனுமான சோஹர் என்னும் தோட்டக்கலை வல்லுநர்கள் அதன் சுற்றுப்புறத்தை ஆங்கில இயற்கைநிலப் பாணியில் வடிவமைத்தனர். பின்னாளைய கண்காட்சிக்கு இவ்வடிவமைப்பே அடித்தளமாயிற்று.

பசியும் மீட்சியும்

கண்காட்சி தோன்றிய காலத்தைப் புரிந்துகொள்ள 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை நோக்குதல் வேண்டும். 1944 செப்டம்பரில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். ‘பசிக் குளிர்காலம்’ எனப்படும் அக்காலத்தில் சுமார் 20,000 பேர் இறந்தனர். போரினால் ஏற்றுமதி முடங்கியிருந்தமையால் விற்பனையாகாத துலிப் கிழங்குகள் எஞ்சியிருந்தன. நஞ்சுடைய நடுக்குருத்தை நீக்கி, அவற்றை வேகவைத்தும் மாவாக அரைத்தும் மக்கள் உண்டனர்.

இந்நிகழ்வு நடந்து ஐந்தாண்டுகள் நிறைவதற்குள், 1949இல், முன்னணிக் கிழங்கு உற்பத்தியாளர்களும் ஏற்றுமதியாளர்களுமாக 20 பேர், மாளிகைத் தோட்டத்தில் திறந்தவெளிக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டனர். லிஸ்ஸே நகரத் தலைவர் லாம்போய் இதற்கு முன்னின்று துணைபுரிந்தார். 1950இல் திறக்கப்பட்ட கண்காட்சியை முதலாண்டிலேயே 2,36,000 பேர் கண்டனர். உணவாகத் தின்னப்பட்ட கிழங்கை மீண்டும் விலைபொருளாக உலகின் முன் நிறுத்தும் முயற்சியாக இதனைக் கருதலாம்.

திட்டமிடலும் நடவும்

இன்று 32 ஹெக்டேர் பரப்பில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடப்படுகின்றன. ஏறத்தாழ 100 உற்பத்தியாளர்கள் இவற்றை விலையின்றி வழங்குகின்றனர். வடிவமைப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய பாத்தியைத் தனித்தனியே வரைந்து, நிறம், உயரம், மலரும் காலம் ஆகியவற்றைக் கொண்டு இனங்களைத் தெரிவுசெய்கின்றனர். எனவே ஒவ்வொரு பாத்தியும் ஓர் உற்பத்தியாளரின் விலைப்பட்டியலாகவும் விளங்குகிறது.

நடவு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை கையாலேயே நடைபெறுகிறது. குளிர்காலத்திற்கு முன் நட்டாக வேண்டும். துலிப் கிழங்கு பல வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றி முறையாக மலராது. மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை ஏறத்தாழ எட்டு வாரங்கள் பாத்தி வெறுமையாகாதிருக்க, ஒரே குழியில் கிழங்குகளை அடுக்கி நடும் முறை கையாளப்படுகிறது. அடியில் பிந்தி மலரும் துலிப், அதன்மேல் முந்தி மலரும் துலிப், மேற்பரப்பை ஒட்டிக் குரோக்கஸ் என்பது அவ்வடுக்கு. ஒன்று வாடும்போது அடுத்தது மேலெழுகிறது.

பருவம் முடிந்ததும் கிழங்குகள் அனைத்தும் தோண்டியெடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகிறது. மறுநடவுக்கு அவை பயன்படுவதில்லை. ஒருமுறை மலர்ந்த கிழங்கு பிரிந்து சிறுத்துவிடுவதால் அடுத்த ஆண்டு சீராக மலர்வதில்லை. புதிய இனங்களைக் காட்டவேண்டிய தேவையும் உண்டு. வயலில் கிழங்குக்காக மலர் கொய்யப்படுகிறது; கண்காட்சியிலோ மலருக்காகக் கிழங்கு இழக்கப்படுகிறது. அவ்விழப்பை உற்பத்தியாளர்கள் விளம்பரச் செலவாக ஏற்கின்றனர்.

முடிவுரை

2019 இலையுதிர்காலத்தில் நடப்பட்ட கிழங்குகள் 2020 வசந்தத்தில் வழக்கம்போல் மலர்ந்தன. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு தோட்டம் திறக்கப்படவில்லை. மலர்கள் இணையவழிக் காணொலிகளில் மட்டுமே காட்டப்பட்டன. நட்ட பின் ஒத்திவைக்க இயலாத விழா இது என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. எட்டு வாரக் காட்சியை மட்டும் நோக்கும் வரலாறு, அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் உற்பத்தியாளர் ஏற்கும் செலவையும் தோட்டப் பணியாளரின் கையுழைப்பையும் காணத் தவறிவிடும். மலர் விழாக்களின் வரலாற்றை எழுதுவோர் மலரும் பருவத்தோடு நடவுப் பருவத்தையும் ஆய்வுக்களமாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே கியூகென்ஹோஃப் வழிப் பெறப்படும் முடிவாகும்.