தும்புத்தடி யாருடைய கையில்?

போன கோடையில் எங்கள் குடும்பத்தில் 11 பேர் சேர்ந்து இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு வீட்டை மூன்று இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். கடைசி நாள் காலையில்தான் பிரச்சினை தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டில் விரிப்புகளைக் கழற்றவும், துவாய்களைக் குளியல் தொட்டிக்குள் போடவும், குப்பையைத் தரம் பிரித்து வெளியே வைக்கவும், எல்லா அறைகளுக்கும் ஹூவர் பிடிக்கவும், பத்து மணிக்கு முன் வெளியேறவும் என்று எழுதியிருந்தது.

சித்தியின் மகளுக்கு 19 வயது. தாளை வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, துப்புரவுக் கட்டணம் எண்டு 90 பவுண் எடுத்தவை. பிறகு எங்களையே கூட்டச் சொல்லினமோ?"

நான் பதில் சொல்வதற்குள் குசினியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காசு குடுத்தா ஊத்தையா விட்டிட்டுப் போறதோ? உன்ர வீட்டை இப்பிடி விடுவியோ?"

அம்மா ஏற்கெனவே தும்புத்தடியோடு நின்றார். இருவரும் கொஞ்ச நேரம் முறுகினார்கள். நான் நடுவில் நின்று குப்பைப் பையைக் கட்டினேன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. தங்கிய இடத்தை விருந்தினர் எவ்வளவு சுத்தமாக விட்டுப் போக வேண்டும்? இதை யார், எப்போது தீர்மானித்தார்கள்? தேடி வாசித்தபோது, நாங்கள் அந்தக் குசினியில் பிடித்த சண்டைக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

பிளாக்பூல்: விருந்தினர் தொடக் கூடாது

பிரித்தானியாவில் சாதாரணத் தொழிலாளிகள் விடுமுறைக்குப் போகத் தொடங்கியது ரயிலோடுதான். பிளாக்பூலுக்கு ரயில் பாதை 1846இல் வந்தது. லங்காஷயர் பஞ்சாலை நகரங்களில் 'வேக்ஸ் வாரம்' என்று ஒன்று இருந்தது. ஒரு நகரத்தின் ஆலைகள் எல்லாம் கோடையில் ஒரே வாரம் மூடும். அடுத்த வாரம் இன்னொரு நகரம். நகரமே பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்.

அவர்கள் தங்கியது வீட்டுக்காரப் பெண்கள் நடத்திய சிறு விடுதிகளில். பல இடங்களில் வாடகை அறைக்கு மட்டும்தான். சாப்பாட்டுச் சாமானை விருந்தினர் வாங்கிக் கொடுப்பார்கள், வீட்டுக்காரி சமைத்துக் கொடுப்பார். உப்பும் மிளகுத்தூளும் மேசையில் வைப்பதற்குக்கூடத் தனிக் கட்டணம் வாங்கிய விடுதிகள் இருந்தன. அண்மைக்காலம் வரை ஏர்பிஎன்பியில் கடைசிப் பக்கத்தில் தொகை கூடுவதைப் பார்த்துக் கோபப்பட்டோமே, அந்தக் கோபம் பழையது.

ஆனால் துப்புரவு விருந்தினரின் வேலையாக இருக்கவில்லை. வருடம் முழுக்க ஆலையில் உழைத்தவர்கள் ஒரு வாரம் வேலை செய்யாமல் இருக்க வந்தார்கள். கூட்டுவதும், விரிப்பு மாற்றுவதும், சாம்பல் அள்ளுவதும் வீட்டுக்காரியும் அவருடைய மகள்களும் வேலைக்கு வைத்த பிள்ளையும் செய்தார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தினர் வெளியே போய்விட வேண்டும். மழை பெய்தாலும் கடற்கரையில்தான் பொழுதைப் போக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு கூட்டம் போகும், அதே நாள் அடுத்த கூட்டம் வரும். விடுமுறை வீடுகள் பல இன்றும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகைக்கு விடப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒப்பந்தம் தெளிவானது. விருந்தினர் காசு கொடுப்பார், வீட்டுக்காரி சுத்தம் செய்வார். செய்த உழைப்புக்கான காசும் அவருடைய வீட்டுக்குள்ளேயே நின்றது.

அல்டேனா: விருந்தினரே செய்ய வேண்டும்

இரண்டாவது கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஷிர்மான் அல்டேனா என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். தொழிற்சாலை ஊர்ப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் நடத்திக் கூட்டிப்போவது அவருடைய வழக்கம். 1909 ஆகஸ்ட் 26ஆம் தேதி அப்படி ஒரு நடையின்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வகுப்பறையில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் படுத்தார்கள். ஷிர்மானுக்கு நித்திரை வரவில்லை. விடுமுறைக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சும்மாதானே கிடக்கின்றன, ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒன்றாக அவற்றைப் பிள்ளைகள் தங்கும் இடமாக்கினால் என்ன என்று அந்த இரவில் யோசித்தார்.

பிறகு அந்தத் திட்டத்தைக் கட்டுரையாக எழுதினார். வகுப்பறை மேசைகளை ஒதுக்கி வைக்கோல் மெத்தைகள் போட வேண்டும் என்று விவரித்தவர், ஒவ்வொரு பிள்ளையும் தான் படுத்த இடத்தைத் தானே துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே சேர்த்தார். ஆகவே, இளைஞர் விடுதி என்ற யோசனை பிறந்த இடத்திலேயே தும்புத்தடியும் இருந்தது. 1912இல் அல்டேனா கோட்டையில் முதலாவது நிரந்தர விடுதி அமைந்தது. அந்தப் பழைய படுக்கை அறைகளை இன்றும் அங்கே அருங்காட்சியகமாகப் பார்க்கலாம்.

இந்த யோசனை 1930இல் இங்கிலாந்துக்கு வந்தது. இளைஞர் விடுதிச் சங்கம் அந்த ஆண்டு தொடங்கியது. வரலாற்றாசிரியர் ஜி. எம். டிரெவெல்யன் அதன் முதல் தலைவர். ஒரு இரவுக்கு ஒரு ஷில்லிங். ஆலைத் தொழிலாளியின் மகனுக்கும் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் கட்டுப்படியாகும் விலை. நாங்கள் போன லேக் டிஸ்ட்ரிக்டிலேயே எனர்டேல் பள்ளத்தாக்கில் 'பிளாக் செயில்' என்ற சிறு விடுதி இருக்கிறது. முன்பு மேய்ப்பர்களின் குடிசை, 1933இல் இருந்து இளைஞர் விடுதி.

ஒரு ஷில்லிங்குக்கு எப்படிக் கட்டியது? காரணம் விருந்தினரின் உழைப்பு. கம்பளி மட்டும் விடுதி கொடுக்கும். உள்ளே போட்டுப் படுக்கும் துணிப்பையை விருந்தினரே கொண்டுவர வேண்டும். அதனால் விடுதிக்குச் சலவைச் செலவு குறைந்தது. வந்தவுடன் அங்கத்துவ அட்டையை விடுதிக் காப்பாளரிடம் கொடுக்க வேண்டும். காலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வரும். ஒருவர் கூட்டுவார், ஒருவர் கோப்பை கழுவுவார், இன்னொருவர் விறகு வெட்டுவார். வேலையை முடித்தால்தான் அட்டை திரும்பக் கிடைக்கும். பணக்காரப் பிள்ளைக்கும் அதே வேலைதான்.

இங்கேயும் ஒப்பந்தம் தெளிவானது. சுத்தம் செய்யத் தனியாக ஆள் இல்லை, அதனால் கட்டணம் குறைவு, அதனால் நீயே செய். 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தக் கட்டாய வேலைகள் மெல்ல மெல்ல இல்லாமல் போயின. மக்களிடம் காசு கொஞ்சம் கூடியது. விடுமுறையில் போய் உருளைக்கிழங்கு உரிக்க யாருக்கும் விருப்பம் இருக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ: இரண்டும் கலந்த கதை

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடந்தது. ஹோட்டல்கள் நிறைந்துவிட்டன. வாடகை கட்டச் சிரமப்பட்ட பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு மூன்று பேருக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நேதன் பிளெச்சார்சிக்கும் சேர்ந்து அதை நிறுவனமாக்கினார்கள்.

தொடக்கத்தில் அது இன்னொருவர் வசிக்கும் வீட்டில் தங்குவது. ஒருவருடைய வரவேற்பறையில் படுத்தால் காலையில் போர்வையை மடித்து வைப்போம், கோப்பையைக் கழுவி வைப்போம். அதை யாரும் தாளில் எழுதி ஒட்டத் தேவையில்லை. பிறகு முழு வீடுகள் வந்தன. உரிமையாளர் வேறு நகரத்தில், சில வேளை வேறு நாட்டில். வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குக் கீழே துப்புரவு செய்பவர்கள். துப்புரவுக் கட்டணம் என்று தனி வரி விலைப்பட்டியலில் ஏறியது. ஒரு இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் பெரும்பாலும் அதே தொகை. ஆனால் தாளில் இருந்த வேலைகள் குறையவில்லை.

அதாவது பிளாக்பூலின் கட்டணமும் அல்டேனாவின் தும்புத்தடியும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. தங்கச்சி கோபப்பட்டது இதற்குத்தான். அவள் மட்டும் இல்லை, உலகம் முழுக்க விருந்தினர் முறையிட்டார்கள். 2022 நவம்பரில் செஸ்கியே பொதுவில் சொன்னார்: விரிப்புக் கழற்றுவது, துணி துவைப்பது, ஹூவர் பிடிப்பது போன்ற வேலைகளை விருந்தினரிடம் எதிர்பார்க்கக் கூடாது; விளக்கை அணைப்பது, மிஞ்சிய சாப்பாட்டைக் குப்பையில் போடுவது, கதவைப் பூட்டுவது நியாயம். முழுத் தொகையையும் முதலிலேயே காட்டும் வசதி வரும் என்றும் அப்போது அறிவித்தார்.

இதோடு நிறுத்தினால் தங்கச்சி வென்றாள் என்று ஆகிவிடும். ஆனால் அம்மாவின் பக்கத்து வரலாறு ஒன்றும் இருக்கிறது.

1993 முதல் 1999 வரை

ஷிர்மான் மழையில் மாட்டிக்கொண்ட அதே 1909இல், வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக அமைச்சராக இருந்தபோது பிரித்தானியாவில் ஒரு சட்டம் வந்தது. உழைப்பு மிகவும் சுரண்டப்பட்ட சில தொழில்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை அது நிர்ணயித்தது. பின்னாளில் விடுதி, உணவகத் தொழில்களும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. இந்தச் சம்பளச் சபைகளை 1993இல் அரசாங்கம் ஒழித்தது. விவசாயத்துக்கு மட்டும் விட்டுவைத்தது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 1999 ஏப்ரல் 1ஆம் தேதிதான் வந்தது. வளர்ந்தவர்களுக்கு மணிக்கு 3.60 பவுண். நடுவில் இருந்த ஆறு வருடங்களில் விடுதியில் அறை துடைப்பவருக்குச் சட்டப்படி அடிமட்டச் சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை.

என் அம்மா லண்டனில் ஒரு சிறு விடுதியில் அறை துப்புரவு செய்தது அந்த ஆறு வருடங்களுக்குள்தான். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். நான் படிக்கட்டில் இருந்து படம் கீறுவேன். சம்பளம் மணிக்கணக்கில் இல்லை, அறைக்கணக்கில்.

இதன் பொருள் எனக்குப் பெரியவனான பிறகுதான் விளங்கியது. கணக்குக்காக ஒரு அறைக்கு 2 பவுண் என்று வைப்போம். விருந்தினர் ஓரளவு ஒழுங்காக விட்டுப் போனால் அறை 20 நிமிடத்தில் முடியும். மணிக்கு 6 பவுண். ஒட்டிய சாப்பாடும் சிந்திய பானமுமாக விட்டுப் போனால் 40 நிமிடம். மணிக்கு 3 பவுண். விருந்தினர் கொடுத்த காசு இரண்டு அறைக்கும் ஒன்றுதான். அந்த மிச்ச 20 நிமிடத்தின் செலவை உரிமையாளர் கட்டவில்லை, அம்மா கட்டினார். இன்றும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்பவர்கள் பலர். எங்கள் பெற்றோர் தலைமுறையில் கடையிலும் உணவகக் குசினியிலும் துப்புரவு வேலையிலும் நின்றவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் அம்மா தும்புத்தடியை எடுக்கிறார். உரிமையாளருக்குப் பயந்து இல்லை. பத்து மணிக்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கும் ஆளை அவருக்குத் தெரியும்.

அப்படியென்றால் எவ்வளவு?

நான் வந்து சேர்ந்த முடிவு இது. சுத்தம் செய்வது கட்டணம் வாங்கியவரின் பொறுப்பு. ஆனால் நாங்கள் செய்த அசாதாரண ஊத்தை எங்கள் பொறுப்பு. பத்து மணிக்கு ஒரு கூட்டம் போய் நாலு மணிக்கு அடுத்தது வந்தால், நடுவில் ஆறு மணித்தியாலம். அந்த நேரத்தைத் தின்னும் வேலைகளை நாங்கள் விட்டுவைக்கக் கூடாது.

எங்கள் வீடுகளுக்கென்றே சில விடயங்கள் உண்டு. வெள்ளைத் துவாயால் மஞ்சள் கறையைத் துடைக்காதீர்கள், அது போகாது. பொரித்த எண்ணெயையும் மிஞ்சிய சோற்றையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், அடைக்கும். அடுப்புக்குப் பின்சுவரில் தெறித்த எண்ணெயைச் சூடு ஆறியதும் துடைத்தால் ஒரு நிமிடம், மறுநாள் என்றால் பத்து நிமிடம். கோப்பைகளைக் கழுவுங்கள், குப்பையைக் கட்டுங்கள். கறை பட்ட விரிப்பை மற்றவற்றோடு சுருட்டி ஒளிக்காமல் மேலே தெரிய வையுங்கள். சலவைக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் அவர்களுக்குத்தான் பேச்சு. இது அம்மா சொன்னது. எதையாவது உடைத்தால் போகும் முன் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேல்ஸ் போகிறோம். இந்த முறை வீடு பார்த்தது தங்கச்சி. காசு கட்ட முன், துப்புரவுக் கட்டணம் இருக்கும்போது ஹூவர் பிடிக்கச் சொல்வது எதற்கு என்று உரிமையாளருக்கு மரியாதையாக எழுதிக் கேட்டாள். அது பழைய தாள், தேவையில்லை என்று பதில் வந்தது. அம்மாவிடம் காட்டினாள்.

அம்மா வாசித்துவிட்டு, "நல்லது," என்றார். பிறகு பயணப் பைக்குள் இரண்டு துடைக்கும் துணியை வைத்தார். இந்த முறை தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை.