நீர்வீழ்ச்சித் திட்டமும் பி.ஆர் கனவும்

மென்பொருள் படிக்கிற ஆக்களுக்கு முதல் வருசத்திலயே ஒரு படம் காட்டுவினம். தேவை என்னெண்டு எழுது, வடிவமை, நிரல் எழுது, சோதி, ஒப்படை. படிப்படியாக் கீழ இறங்கிறதால அதுக்கு 'வோட்டர்ஃபோல்' எண்டு பேர். தமிழில நீர்வீழ்ச்சி. எங்கட வீடுகளில போட்டுத்தாற வாழ்க்கைத் திட்டமும் இதேதான்: ஏ.எல், கம்பஸ், வேலை, கலியாணம், வீடு. வெளிநாடு வந்தால் இடையில 'பி.ஆர்' எண்டு ஒரு படி கூடும், அவ்வளவுதான்.

இந்தப் படத்தின்ர சரித்திரம் கொஞ்சம் வேடிக்கையானது. 1970 இல் வின்ஸ்ரன் றோய்ஸ் எண்ட அமெரிக்கர் எழுதின கட்டுரையில வந்தது. அவர் நீர்வீழ்ச்சி எண்டு பேர் வைக்கேல்லை. படத்தைக் கீறிப்போட்டு, இப்பிடியே செய்தால் ஆபத்து, பிழை கடைசியில சோதிக்கேக்கைதான் தெரியவரும் எண்டுதான் சொன்னார். புதுசா ஒண்டெண்டால் முதலில சின்னதாச் செய்துபாத்திட்டு பிறகு முழுசாச் செய் எண்டும் எழுதினார். சனம் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டிட்டுது.

நான் இருக்கிற டண்டினொங்கிலயும் இதுக்கு உதாரணம் இருக்கு. 1956 இல் இங்க ஹோல்டன் கார்த் தொழிற்சாலை திறந்தது. வேலையாக்களுக்கெண்டே பக்கத்தில 'ஜெனரல் மோட்டர்ஸ்' எண்ட பேரில ஒரு ரெயில் ஸ்ரேசன். 1991 இல் தொழிற்சாலையை மூடிச்சினம். 2002 இல் ஸ்ரேசனையும் மூடியாச்சு. ஒரேயொரு தேவையை நம்பிக் கட்டினது, தேவை போனதும் நிண்டிட்டுது.

ஆனா என்னைப்போல மாணவர்களுக்கு உறைக்கிற கதை 2010 இல் நடந்தது. 2001 இலிருந்து இங்க படிச்சு முடிச்ச ஆக்கள் ஊருக்குத் திரும்பாமலே பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். தட்டுப்பாடான தொழில்களுக்கெண்டு ஒரு பட்டியல். அதில இருந்தால் மேலதிகப் புள்ளி. சமையலும் முடிதிருத்தமும் அதில சேர்ந்ததோட கனபேர் அந்தப் படிப்புகளுக்கு வந்து குவிஞ்சவை. ஊரில கடன்பட்டு வந்த பெடியளும் இருந்தவை. 2010 பெப்ரவரி 8 ஆம் திகதி அரசாங்கம் அந்தப் பட்டியலையே தூக்கினது. யூலையில வந்த புதுப் பட்டியலில 181 தொழில்கள். சமையலும் முடிதிருத்தமும் இல்லை. ஏற்கனவே படிச்சுக்கொண்டிருந்த ஆக்களுக்குத் தற்காலிக வீசா ஒண்டுக்கு வழி விட்டவைதான். ஆனாலும் அவையள் இறங்கின அருவிக்குக் கீழ குளம் இல்லாமல் போட்டுது.

மென்பொருள் உலகம் இதுக்கு என்ன செய்தது? 1988 இல் பரி போம் எண்டவர் 'சுருள்' முறையை விளக்கினார்: ஒவ்வொரு சுற்றிலயும் பெரிய ஆபத்து எதெண்டு பாத்து அதை முதலில தீர். 2001 இல் யூட்டாவில 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கை எழுதிச்சினம்: திட்டத்தைக் கட்டிப்பிடிக்கிறதிலும் மாற்றத்துக்கு ஈடுகுடுக்கிறது மேல், வேலைசெய்யிற துண்டுகளாக் குடு.

இதை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தால், நான் பாக்கிறது ஒரே கேள்விதான். பி.ஆர் கிடைக்காட்டில் இந்தப் படிப்பு கொழும்பிலயோ சிங்கப்பூரிலயோ எனக்குச் சோறுபோடுமோ? போடுமெண்டால் அந்தத் துண்டு தனியவே வேலைசெய்யும். இல்லையெண்டால் பட்டியலை எழுதிறவையின்ர கையில என்ர வாழ்க்கை.

எல்லாம் பொருந்தாது, அது உண்மை. பிழைச்ச நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். இருபத்திமூண்டு வயசையும் ஈடுவைச்ச காணியையும் அப்பிடித் திருப்பேலாது. அதாலதான், காசு கட்டமுதலே பெரிய ஆபத்தை எண்ணிப்பாக்கச் சொல்லுறன்.