சட்டக் கல்வியின் பல வாயில்கள்

'வக்கீல்' என்னும் சொல் அரபி மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. பிறர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்பது அதன் பொருள். அவ்வாறு ஒப்படைப்பதே 'வகாலத்து'. அப்பொறுப்பை ஏற்கத் தகுதியுடையவர் யார் என்ற வினாவுக்கு நம் நாட்டில் எக்காலத்திலும் ஒரே விடை இருந்ததில்லை. இன்று பள்ளியிறுதி முடித்த மாணவரிடம் ஒரு சட்டக் கல்லூரி மதிப்பெண்ணை மட்டும் கேட்கிறது; மற்றொன்று நுழைவுத் தேர்வு எழுதி வா என்கிறது. படிப்பு ஒன்றாயிருக்க, வாயில்கள் வேறுபடுவது ஏன்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1774இல் கல்கத்தாவில் அமைந்த உச்ச நீதிமன்றத்தில் ஆங்கிலேய வழக்கறிஞர்களே வாதாடினர். கம்பெனியாரின் அதாலத்துகளிலோ, 1793ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமே வக்கீல்களாகப் பதிவு பெற்றனர். இம்மதக் கட்டுப்பாட்டை 1846ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. நீதிபதிக்குச் சமயச் சட்டம் எடுத்துரைத்த முஃப்திகளின் பதவியும் பண்டிதர்களின் பதவியும் 1864இல் ஒழிந்தன. பெண்களுக்கு அடைபட்டிருந்த கதவு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் திறந்தது. ஆக, தகுதி என்பது கல்வியை மட்டும் அளந்த கோலன்று. அந்தந்தக் காலத்து அதிகாரம் எவரை உள்ளே விட விரும்பியது என்பதையும் அது காட்டிற்று.

1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன; 1891இல் சென்னைச் சட்டக் கல்லூரி பிறந்தது. ஆயினும் பாரிஸ்டர், வக்கீல், அட்டர்னி, பிளீடர் எனத் தொழிலில் பல படிகள் நீடித்தன. ஒவ்வொரு படிக்கும் தனித் தகுதி இருந்தது. விடுதலைக்குப் பின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமே இப்படிகளைச் சமன் செய்து ஒரே வகை வழக்கறிஞரை உருவாக்க முனைந்தது. சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பையும் அச்சட்டம் இந்திய பார் கவுன்சிலிடம் அளித்தது.

அவ்வாறாயின் வேறுபாடு ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? ஒழியவில்லை. ஏனெனில், பார் கவுன்சில் வகுப்பது கீழெல்லையை மட்டுமே. அதன் 2008ஆம் ஆண்டு விதிகளின் கீழ்ப் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோர் 42 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் பெற்றிருத்தல் வேண்டும். ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல்நிலைக் கல்வியும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டமும் அடிப்படை. ஆனால் இம்மதிப்பெண் இருப்பதனாலேயே இடம் கிடைத்துவிடாது. நிறுவனம் அறிவிக்கும் ஏனைய தகுதிகளுக்குப் போட்டியிடும் உரிமையே கிடைக்கும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. வேறுபாட்டின் வேர் இங்குதான் உள்ளது.

கீழெல்லைக்கு மேல் எவரைத் தெரிவது என்பது பல கைகளில் உள்ளது. கருநாடக அரசின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தோன்றியது. அதன் வழியில் பல மாநிலங்கள் தத்தம் சட்டத்தால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களை நிறுவின. தனித்தனியே தேர்வு நடத்திய அவற்றுள் ஏழு, 2008இல் 'கிளாட்' என்னும் பொதுத் தேர்வின் கீழ் ஒன்றுகூடின. பின்னர் ஏனையவையும் சேர்ந்தன. தில்லித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமோ தனித் தேர்வையே நடத்தி வருகிறது. தமிழகத்தில் திருச்சிராப்பள்ளித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியே மாணவரைச் சேர்க்க, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கின்றன. நாடெங்கிலுமிருந்து வருவோரை ஒரே கோலால் அளக்கத் தேர்வு உதவும் என்பது ஒரு வாதம். ஏழை மாணவனின் பள்ளி உழைப்பே போதிய சான்று என்பது மற்றொரு வாதம்.

இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் கிளாட் தேர்வு ஆங்கிலத்திலேயே நடைபெற்று வருவதை நாம் மறக்கலாகாது. தமிழில் பயின்ற கூலித் தொழிலாளியின் மகளுக்கு அவ்வாயிலில் முதலில் அளக்கப்படுவது மொழிப் பயிற்சியே. நீதியுணர்வு அதன் பின்னரே. அவ்வாறே, அடிப்படைப் பள்ளிக் கல்வி இன்றித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவரை விதிகள் ஏற்பதில்லை. முறையாகப் பள்ளி முடித்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவரை ஏற்கின்றன. இதை அறியாது ஆண்டுகளை இழப்போர்க்கு வழிகாட்டுவது கற்றோர் கடமையாகும்.

வாயில்கள் பலவாயினும், படித்து முடித்தோர் வழக்காட 2010 முதல் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு என்னும் ஒரே வாயில் அமைந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் 2023இல் அதனை ஏற்றது. எனவே ஒரு கல்லூரியின் கதவு மூடியதால் மாணவர் தம் தகுதியையே ஐயுற வேண்டியதில்லை. அக்கதவு அக்கல்லூரியின் அளவுகோலைக் காட்டுமேயன்றி, அவர் ஆற்றலின் எல்லையைக் காட்டாது. விண்ணப்பிக்கும் முன் அவ்வளவுகோல் எது எனக் கேட்டறிக. ஒருவரது வழக்கை அமானிதமாக ஏற்று நேர்மையுடன் நடத்தும் தகுதியோ எந்த நுழைவுத் தேர்வாலும் முன்கூட்டி அளந்துவிடக் கூடியதன்று.