கரிய ஏரி முதல் காரிப் ஏரி வரை

இங்கிலாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் மாகடலின் ஓரத்தில் ஒரு தீவு இருக்கிறது. அதுதான் அயர்லாந்து. வீட்டில் பிள்ளைகளின் உலகப்படம் இருந்தால் விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அத்தீவின் மேற்கு ஓரத்தில் மேயோ, கால்வே என்று அருகருகே இரண்டு மாவட்டங்கள். மலையும் மழையும் ஏரிகளும் நிறைந்த பகுதி. ஏரியை அங்கே ‘லாக்’ என்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் அங்கே போய், கொஞ்சம் நடந்தும், கொஞ்சம் சைக்கிள் மிதித்தும், கொஞ்சம் படகு வலித்தும் அந்த ஏரிகளைக் கண்டு வருகிறார்கள். இன்று நாமும் மனத்தால் அவ்வழியே போவோம். போகிற வழியில் அந்தக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களின் கதையையும் கேட்போம்.

முதலில் நடப்போம். மேயோவின் தென்மேற்கில் லூயிஸ்பர்க் என்ற சிற்றூர். அங்கிருந்து தெற்கே 12 மைல் சென்றால் டெல்ஃபி என்ற இடத்தில் ஒரு மாளிகை. வழியில், இருபுறமும் மலை நெருக்க, நீண்டு கிடக்கிறது டூலாக். ‘கரிய ஏரி’ என்பது அப்பெயரின் பொருள்.

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு கருகல் நோய் தாக்கியது. அந்நாட்டு ஏழைகளுக்குக் காலையும் மாலையும் உணவு அந்தக் கிழங்குதான். வயலில் தானியமும் விளையத்தான் செய்தது. ஆனால் அது குத்தகைப் பணத்துக்காக விற்கப்பட்டுக் கப்பலேறிப் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அதே அளவு மக்கள், அதற்கும் மேலாகவே, கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். 1841இல் சுமார் 82 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1851இல் 65 இலட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது.

1849 மார்ச்சு மாத இறுதியில் லூயிஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான ஏழைகள் கூடியிருந்தார்கள். நிவாரண உதவி பெறத் தகுதியானவர்கள் யார் என்று பார்வையிட இரண்டு அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு. வந்தவர்கள் அங்கே பார்வையிடாமல் டெல்ஃபி மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் அங்கே வந்து நிற்கவேண்டும், தவறினால் உதவி நிறுத்தப்படும் என்று உத்தரவு! எலும்பும் தோலுமாக இருந்த மக்கள் குளிரிலும் மழையிலும் இரவோடிரவாக நடந்தார்கள். போய்ச் சேர்ந்தும் பயனில்லாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பும் வழியில், ஏரிக்கரைப் பாதையில், பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏழு பேரின் உடல்கள் கிடந்தன என்றும், இன்னும் ஒன்பது பேர் வீடு வந்து சேரவில்லை என்றும் அம்மாவட்டப் பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதினார். ஊர் மக்கள் சொல்லிவரும் தொகை அதைவிட மிகப் பெரியது. பன்னிரண்டு மைல் குதிரை வண்டியில் போகிறவருக்கும் பசித்த வயிற்றோடு போகிறவருக்கும் ஒன்றா? அந்த அதிகாரிகளுக்கு அது தோன்றவில்லை. இன்று அப்பள்ளத்தாக்கில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அதில் பொறித்திருப்பது நம் காந்தியடிகளின் வாசகம். 1988 முதல் மக்கள் அதே பாதையில் நினைவு நடை நடந்து வருகிறார்கள்.

இனிச் சைக்கிளில் ஏறுவோம். சைக்கிளுக்கும் அயர்லாந்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார், பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பூட்டிப் பார்த்தார். 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். (தாம்சன் என்பவர் 1845இலேயே இதே யோசனைக்கு உரிமம் வாங்கியிருந்தார்; உலகம் அதை மறந்திருந்தது.) அதே 1888இல்தான் ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, ரப்பர் மரத்தை நடும்படி ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கினார். முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் ரப்பரைக் கேட்க, மலாயாவில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. நம் பாட்டன் பாட்டிமார் பால்வெட்டக் கப்பலேறினார்கள். டன்லப் பெயரைத் தாங்கிய நிறுவனம் பின்னாளில் மலாயாவில் தோட்டங்களையே வாங்கியது.

சைக்கிளைக் கிழக்கே மிதித்தால் லாக் மாஸ்க் என்ற பெரிய ஏரி. அதன் கரையில் 1880ஆம் ஆண்டில் கேப்டன் பாய்காட் என்ற ஆங்கிலேயர் வாழ்ந்தார். நிலம் அவருடையதல்ல, எர்ன் பிரபுவுடையது. நம் தோட்டங்களில் முன்பு இருந்த துரைமாரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி எங்கோ இருப்பார், கணக்கு வாங்குகிறவர் இங்கே இருப்பார். விளைச்சல் கெட்டிருந்ததால் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 குறைப்பதாகச் சொன்னார். பணம் கட்டாதவர்களை வெளியேற்றப் பாய்காட் நோட்டீசு அனுப்பினார். நோட்டீசு கொண்டுவந்தவனையும் காவலுக்கு வந்த போலீசாரையும் ஊர்ப் பெண்களே சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டிவிட்டார்கள்!

அதற்குச் சில நாள் முன்னர்தான், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனோடு பேசாதீர்கள், விற்காதீர்கள், வாங்காதீர்கள் என்று பார்னெல் என்ற தலைவர் என்னிஸ் நகரில் பேசியிருந்தார். மேயோ மக்கள் அதைப் பாய்காட்டிடமே செய்து காட்டினார்கள். வீட்டு வேலையாட்கள் போய்விட்டார்கள். வயலில் கூலிக்கு ஆளில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. கொல்லர் லாடம் அடிக்கவில்லை. துணி வெளுக்க ஆளில்லை. கத்தி எடுத்தவர் எவருமில்லை.

அறுவடை அழுகிப்போகுமே என்று வடக்கேயிருந்து 50 பேரைக் கொண்டு வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் பட்டாளத்தாரும் போலீசாரும்! 500 பவுன் பெறுமானமுள்ள பயிரை அறுக்கப் பத்தாயிரம் பவுன் செலவாயிற்று என்று கணக்குப் போட்டார்கள். நவம்பர் மாத முடிவில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு பத்திரிகையாளர் யோசிக்க, ஓ’மாலி என்ற பாதிரியார், கடினமான சொல் மக்களுக்கு விளங்காது, துரையின் பெயரையே வைத்துவிடுங்கள் என்றார். ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ என்ற சொல் பிறந்த கதை இதுதான். 1905இல் சுதேசி இயக்கத்தார் அந்நியத் துணியை ஒதுக்கியபோதும் அந்தச் சொல்லையே ஆண்டார்கள். தமிழில் அதைப் பகிஷ்காரம் என்றோம். 1881இல் நியாயமான குத்தகையை நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. 1903இல் வந்த சட்டம் குடியானவர்கள் நிலத்தையே வாங்கிக்கொள்ள வழி செய்தது.

லாக் மாஸ்கின் தெற்கே காங் என்ற ஊர். அதற்கப்பால் லாக் காரிப். இரண்டு ஏரிக்கும் நடுவே சில மைல் தூரம்தான். பஞ்சகாலத்தில், 1848இல், இரண்டையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். பசித்தவர்களுக்கு வேலை கொடுத்ததாகவும் ஆயிற்று, படகு போக வழி செய்ததாகவும் ஆயிற்று என்று எண்ணம். கல்லை உடைத்து, மதகுகளுக்கு அழகான கற்சுவர் எழுப்பினார்கள். அடியில் இருப்பதோ துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. லாக் மாஸ்கின் நீரே நிலத்துக்கடியில் புகுந்துதான் காங்கில் வெளிவருகிறது. செலவும் ஏறியது, இரயிலும் வந்தது. 1854இல் படகு வழிக்கான வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு படகும் அதில் போனதில்லை. கோடையில் இன்றும் அது வறண்டு கிடக்கிறது. வெட்டிய கைகளின் வேலைத்திறம் மட்டும் அந்தக் கற்சுவர்களில் தெரிகிறது.

ஆகவே லாக் காரிபில்தான் நாம் படகேற வேண்டும். சுமார் 176 சதுர கிலோமீட்டர் பரப்பு; அயர்லாந்துக் குடியரசில் இதுவே பெரிய ஏரி. அயர்லாந்து முழுமைக்கும் அரசராயிருந்த கடைசி மன்னர் ரோரி ஓ’கானர், காங் மடத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1198இல் இறந்தார். ஏரி நடுவே இஞ்சகாயில் என்ற தீவில் பழைய இரண்டு கோயில்களும், எழுத்துப் பொறித்த ஒரு பழங்கல்லும் உள்ளன.

கரையில் மொய்டுரா என்ற வீடு தெரிகிறது. 1865இல் அதைக் கட்டியவர் டாக்டர் வில்லியம் வைல்ட். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தை. 1867இல் இந்த ஏரியையும் அதன் தீவுகளையும் பற்றி அவர் எழுதிய நூலைப் பயணிகள் நெடுங்காலம் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். அவர் செய்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. 1851ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், பஞ்சத்தில் யார் எந்த நோயால் மாண்டார்கள் என்ற பட்டியல்களை மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்தவர் அவரே.