‘அப்’பும் ‘விடு’வும்: ஆங்கில வினையைத் தொடரும் சிறுசொற்களைத் தமிழிலிருந்து பார்த்தல்

வீட்டில் யாரும் ‘லைட்டை ஸ்விட்ச் ஆஃப் செய்’ என்பதில்லை. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோம். ஆங்கில இலக்கணம் வினை என்று காட்டுவது ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் வாலில் தொங்கிய ‘ஆஃப்’பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் ‘பண்ணு’ என்றொரு தமிழ் வினையை மாட்டிவிட்டோம். ஃபேன் ஆன் ஆகிறது, சர்வர் டவுன் ஆகிறது, வினாத்தாள் அவுட் ஆகிறது. ஆங்கில வகுப்பில் ஒரு நாளும் உட்காராதவர்கூடச் செய்யும் இந்தத் தேர்வில் ஒரு மொழியியல் தீர்ப்பு அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பொருளின் கனம் வினையில் இல்லை, சிறுசொல்லில்தான் இருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பு.

ஆங்கிலத்திலேயே ‘த லைட் இஸ் ஆஃப்’ என்ற வழக்கு உண்டே, கடன் அங்கிருந்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். வந்திருக்கலாம். அப்போதும் என் பக்கம் வலுக்கிறதே தவிரக் குறையவில்லை. வினை விலகிய பிறகும் விளைந்த நிலையைத் தனியே நின்று சொல்லக்கூடியது அச்சிறுசொல் என்றுதானே அதற்குப் பொருள்?

ஆங்கில இலக்கணக் கையேடுகள் இச்சொற்களைப் பெரும்பாலும் முன்னிடைச்சொற்களோடு சேர்த்தே தமிழ் மாணவருக்கு அறிமுகம் செய்கின்றன. ‘இன்’ என்றால் ‘இல்’, ‘டு’ என்றால் ‘கு’, ‘வித்’ என்றால் ‘ஓடு’. வேற்றுமை உருபோடு வைத்துப் பார்க்கும் இந்த ஒப்புமை ஓரளவு வரை ஓடும். ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘ரன் அவுட்’ என்று வந்ததும் நொண்டும். காரணம் எளிது. உருபு பெயரைச் சார்ந்தது. இந்தச் சிறுசொற்கள் வினையைச் சார்ந்தவை. இவற்றுக்குத் தமிழில் இணை தேட வேண்டிய இடம் வேற்றுமையியல் அன்று, துணைவினை என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

சார்பு எந்தப் பக்கம் என்பதை ஆங்கிலத்துக்குள்ளேயே சோதித்துக்கொள்ளலாம். ‘ஷி ரேன் அப் எ ஹில்’ என்றால் மலைமேல் ஓடினாள். ‘ஷி ரேன் அப் எ பில்’ என்றால் கடையில் பாக்கி ஏற்றிக்கொண்டாள். ஓசையில் ஓரெழுத்துதான் வேறுபாடு. பெயருக்குப் பதில் ‘இட்’ என்ற சுட்டுப்பெயரை இட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மலைக்கு ‘ரேன் அப் இட்’; பாக்கிக்கு ‘ரேன் இட் அப்’. முதலாவதில் ‘அப்’ மலையைப் பற்றிக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் பெயரை நடுவில் விட்டுவிட்டு வினையின் வாலாகப் பின்னால் போய்விடுகிறது. ‘லுக் அட் இட்’, ‘லுக் இட் அப்’ என்ற இரண்டும் இதே கதைதான். பாக்கி ‘ஏறுகிறது’ என்று தமிழும் சொல்வது தற்செயலன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சேர்க்கைகள் அயலாரைத் திணறடிப்பதை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் சாமுவேல் ஜான்சன் முக்கியமானவர். 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில், பிறமொழியாளருக்குப் பெரும் இடர் இங்கேதான் என்று குறித்து ஒரு பட்டியலே தந்தார். அதில் ‘ஃபால் ஆஃப்’ என்பதற்குச் சமயத்தைக் கைவிடுதல், ‘டேக் ஆஃப்’ என்பதற்குப் போலச்செய்தல் என்பன போன்ற பொருள்கள் உள்ளன. விமானம் கிளம்புவது அவர் கனவிலும் வந்திராது. ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் பரப்பினார். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது. இதை இங்கே தொடர்வினை என்பேன்.

பழைய ஆங்கிலத்தில் இச்சிறுசொற்கள் பல வினைக்கு முன்னொட்டாகவே நின்றன, ஏறத்தாழ வடமொழி உபசர்க்கம் போல. ‘வித்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ ஆகியவை அதன் எச்சங்கள். ‘வித்ஸ்டாண்ட்’டில் உள்ள ‘வித்’துக்கு ‘எதிராக’ என்ற பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு முன்னொட்டுகள் தேய்ந்தன, சிறுசொல் வினைக்குப் பின்னால் இடம்பெயர்ந்தது. நார்மானியர் வருகைக்குப் பின் பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்த வினைகள் எழுத்திலும் அலுவலிலும் அமர்ந்தன. உள்ளூர்த் தொடர்வினைகள் பேச்சில் தங்கின. ‘போஸ்ட்போன்’ அலுவலகத்துக்கு, ‘புட் ஆஃப்’ அடுப்பங்கரைக்கு. நாம் படித்தது அலுவலக ஆங்கிலம் என்பதால், தேதியை முன்னுக்கு நகர்த்த ஒரு சொல் தேவைப்பட்டபோது ‘பிரிங் ஃபார்வர்ட்’ நம் நாவில் வரவில்லை. இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றியது ‘ப்ரீபோன்’தான்.

தொடர்வினைகள் எண்ணற்றவை என்ற அச்சம் மிகையானது. கார்ட்னரும் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தின் ஏறத்தாழ 10 கோடிச் சொற்களை ஆராய்ந்து, 20 வினைகளும் 8 சிறுசொற்களும் கூடும் சேர்க்கைகளே தொடர்வினைப் பயன்பாட்டில் பாதிக்குமேல் இடம்பிடிப்பதைக் காட்டினர். சரக்கு குறைவுதான். தொல்லை, ஒவ்வொரு சேர்க்கைக்கும் பொருள்கள் பலவாக இருப்பதில். அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அடிக்கத் தொடங்குகிறது. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. பால் ‘கோஸ் ஆஃப்’ என்றால் கெடுகிறது. முரண் போலத் தோன்றும் இம்மூன்றிலும் ஒரு பிரிதல் இருக்கிறது: அடங்கிக் கிடந்த நிலையிலிருந்து, மின்னோட்டத்திலிருந்து, நல்ல பதத்திலிருந்து. படிவத்தை ‘ஃபில் இன்’ செய்தாலும் ‘ஃபில் அவுட்’ செய்தாலும் வேலை ஒன்றுதான். முன்னதில் கண் கட்டங்களுக்குள் போகிறது, பின்னதில் படிவம் முழுமையாகி விரிகிறது. வீடு எரிந்தால் ‘டவுன்’, கடிதம் எரிந்தால் ‘அப்’. வீடு சரிகிறது, கடிதம் ஒன்றுமில்லாமல் தீர்ந்துபோகிறது.

இந்தத் ‘தீர்ந்துபோகிறது’ என்ற சொல்லிலேயே நான் தேடிய இணை இருக்கிறது. ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் சாப்பிட்டுவிடு. இங்கே ‘அப்’புக்கு ‘மேலே’ என்று பொருள் சொல்பவர், ‘விடு’வுக்குக் கையிலிருந்து நழுவவிடு என்று பொருள் சொல்பவரைப் போன்றவர். ‘டிரை அப்’ வற்றிப்போதல், ‘ரைட் டவுன்’ எழுதிவைத்தல், ‘த்ரோ அவே’ தூக்கிப்போடுதல், ‘டாக் ஆன்’ பேசிக்கொண்டே போதல். ஓயாமல் நாவல் எழுதுகிறவரை ஆங்கிலம் ‘சர்ன் அவுட்’ செய்கிறார் என்று இளக்காரமாகச் சொல்லும். தமிழ் அவர் ‘எழுதித் தள்ளுகிறார்’ என்கிறது. வெளியே தள்ளுவதில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. லென்னர்ட் டால்மி, அசைவின் பாதையை எதில் ஏற்றிச் சொல்கின்றன என்பதை வைத்து மொழிகளை இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலம் பாதையை வினைக்கு வெளியே, சிறுசொல்லில் வைக்கும். மற்ற வகை பாதையை வினைக்குள்ளேயே வைக்கும். அதில் தமிழையும் அவர் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். ஏறு, இறங்கு, நுழை, கட என்பவை வினைகளே. ‘வெளியே ஓடினாள்’ என்றும் சொல்வோம் என்பதால் இப்பிரிவு இரும்புச் சுவரன்று. ஆனாலும் போக்கு தெளிவு. இங்கிருந்து நான் ஓரடி மேலே போகிறேன். ஒரு மொழி இடப்பெயர்ச்சியை எந்தச் சொல்லில் வைத்திருக்கிறதோ, அந்தச் சொல்லையே தேய்த்து வினைமுடிவு, தொடர்ச்சி, விளைவு ஆகியவற்றைச் சொல்லிக்கொள்கிறது. ஆங்கிலம் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ ஆகியவற்றைத் தேய்த்தது. தமிழ் போ, வா, விடு, போடு, வை, தள்ளு ஆகியவற்றைத் தேய்த்தது. பாக்கி ஏறுவதும் பில் ‘அப்’ ஆவதும் இதனால்தான்.

டாகட், லாஃபர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், எபிரேய மொழி பேசும் மாணவர்கள் தொடர்வினையைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினையை நாடுவதைக் கண்டு, தாய்மொழியில் இவ்வமைப்பு இல்லாததைக் காரணமாகச் சொன்னார்கள். 1989இல் ஹுல்ஸ்டெய்னும் மார்ச்சேனாவும் டச்சு மாணவரைச் சோதித்தபோது, அமைப்பு தாய்மொழியில் இருந்தும் மரபுத்தொடராக இறுகியவற்றை அவர்கள் தவிர்த்தனர். ஆக, அமைப்பு இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியன்று. தாய்மொழியில் உள்ள இணையை மாணவருக்கு யாராவது காட்டினார்களா என்பதும் கேள்வி. ‘கோப் வித்’ என்பதை நம்மவர் ‘கோப் அப் வித்’ ஆக்குவதைப் பிழை என்று திருத்துகிறோம். ‘சமாளித்துவிடு’வில் உள்ள ‘விடு’வுக்கு ஈடாக அந்த ‘அப்’ நுழைந்திருக்குமோ என்பது என் ஊகம், அவ்வளவே.

ஒப்புமைக்கு எல்லை உண்டு, அதை மறைத்தால் வாதம் கெடும். ஆங்கிலம் வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே பெயரை உட்கார வைக்கும்; தமிழ் ‘சாப்பிட்டேவிட்டான்’, ‘சாப்பிட்டுத்தான்விட்டான்’ என்று ஏகாரத்துக்கும் ‘தானு’க்கும் மட்டும் வழிவிடும். ‘வந்து தொலைந்தான்’ என்பதில் பேசுபவரின் எரிச்சல் தெரிகிறது. ஆங்கிலச் சிறுசொற்களில் இத்தகைய மனப்பாங்கு அரிது; பொழுதை வீணடிக்கும் ‘அவே’யில் கொஞ்சம் தென்படலாம். தமிழ்த் துணைவினைகளின் இந்தப் பக்கத்தை இ. அண்ணாமலையும் ஹெரால்டு ஷிஃப்மனும் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

எதிர்மறையில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. ‘ஹி டிடின்ட் கிவ் அப்’ என்று ஆங்கிலம் தயக்கமின்றிச் சொல்லும். தமிழில் ‘வந்துவிட்டான்’ என்பதற்கு எதிர்மறை ‘வரவில்லை’தான். ‘வந்துவிடவில்லை’ என்றால், அவன் ஒன்றும் வந்துவிடவில்லையே, அதற்குள் ஏன் பதறுகிறாய் என்று எதிரே இருப்பவரின் எண்ணத்தை மறுப்பதாகிவிடும். ‘அப்’ சொல்வது நிகழ்ச்சியின் விளைவை; அதை மறுக்கலாம். ‘விடு’ சொல்வதில் பேசுபவரின் உறுதியும் கலந்திருக்கிறது. தன் உறுதியைத் தானே மறுக்க எந்தத் தமிழரும் ‘விடு’வை எடுப்பதில்லை.